கோமதிக்காக நான் வாயைக் கட்டிக்கொண்ட நாற்பத்தெட்டு நாள்

1

போன வாரம் அறந்தாங்கியிலிருந்து என் தங்கச்சி விஜயா காயிதம் போட்டிருந்தா. அவளோட சின்னவனுக்கு மூணு வயசு முடிஞ்சும் பேச்சு வரலையாம். "அக்கா, நீ கோமதிக்காக வாய்க்கட்டு விரதம் இருந்தியே, அது எத்தனை நாள், எந்தச் சாமிக்கு, துணி மஞ்சளா சிவப்பா, ராத்திரியும் பேசக்கூடாதா, எல்லாம் விவரமா எழுது. நானும் இருக்கிறதா முடிவு பண்ணிட்டேன்"னு எழுதியிருக்கா.

படிச்சதும் எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவ மேல இல்லை, என் மேலதான். ஆறு வருஷத்துக்கு முன்னால அந்த விரதத்தைப் பத்திப் பக்கம் பக்கமா ஊருக்கு எழுதினவ நான். அது எப்படி முடிஞ்சதுன்னு ஒரு வரிகூட எழுதலை. "கோமதி நல்லா இருக்கா, ஸ்கூலுக்குப் போறா", அவ்வளவுதான். கடல் தாண்டி வந்தவங்க எல்லாரும் இப்படித்தான். நல்லதை மட்டும் தபால்ல சேர்ப்போம். கெட்டதை இங்கேயே வச்சுக்கிட்டு நாமளே மென்னு முழுங்கிக்கிட்டிருப்போம். அதனால விஜயாவுக்கு எழுத வேண்டியதை உங்க எல்லாருக்குமே சேர்த்து எழுதுறேன்.

என் பேரு சரோஜா. கழுத்துல தாலி ஏறின மூணாம் மாசம் நாகப்பட்டினத்துல கப்பலேறி, பினாங்குல இறங்கி, இந்த ஈப்போவுக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. புந்தோங்குல வீடு. வீட்டுக்காரர் பஸ் பட்டறையில மெக்கானிக். கோமதி எங்களுக்கு ஒத்தப் புள்ள. அவளுக்கு இப்ப பன்னிரண்டு வயசு.

2

வாயுள்ள புள்ள பிழைக்கும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. நான் வாயை மட்டுமே வச்சுப் பிழைச்சவ. அப்பா செத்ததும் பங்காளிகள்கிட்ட சண்டை போட்டு எங்க வீட்டை மீட்டது என் வாய்தான். இங்க வந்தும் அப்படியே. தெருக்குழாய்ல தண்ணிக்கு நிக்கிறப்போ என்னை முந்திக்கிட்டுப் போனவங்க யாரும் கிடையாது. "உன் பொண்டாட்டி வாயை வாடகைக்கு விட்டா நாம பங்களாவே கட்டலாம் மச்சான்"னு பட்டறையில கூட்டாளிங்க இவரைக் கேலி பண்ணுவாங்களாம்.

அப்பேர்ப்பட்டவ வயித்துல பொறந்தது பேசலை.

காது நல்லா கேட்டுச்சு. தெருமுனையில ஐஸ்காரன் மணியடிச்சா முதல்ல வாசலுக்கு ஓடுறவ அவதான். சொன்னது எல்லாம் புரிஞ்சது. செருப்பை எடுத்துட்டு வான்னா எடுத்துட்டு வருவா. ஆனா வாயிலிருந்து ஒரு "ங்ஙே" தவிர எதுவும் வராது. நாலு வயசுலயும் எச்சில் வடிஞ்சு சட்டை நெஞ்சுப் பக்கம் எப்பவும் ஈரமாவே இருக்கும். சோத்தை மெல்லத் தெரியாது, அப்படியே முழுங்குவா. கீழ் உதடு தொங்கிக்கிட்டே இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா, "சில புள்ளைங்க மெதுவாதான் பேசும்லா, விடு"ன்னாங்க. நானும் விட்டேன். கோழி நாக்கு, வசம்பு, கோயில் மணி கழுவின தண்ணி எல்லாம் குடுத்துப் பார்த்தேன்.

ஸ்கூலுக்குப் பேரு எழுதப் போனப்பதான் பயம் வந்தது. பெரிய வாத்தியார் நல்லவர்தான். ஆனா, "ஏழு வயசுக்குள்ள கேட்டதுக்கு ரெண்டு வார்த்தையாவது பதில் சொன்னா சேர்த்துக்கலாம்மா. இல்லாட்டி கோலாலம்பூர்ப் பக்கம் தங்கிப் படிக்கிற இடம் ஒண்ணு இருக்கு, அங்கதான்"னார். என் புள்ளையை எங்கேயோ கொண்டு போய் விடுறதா? அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவளை மடியில போட்டுக்கிட்டு அழுதேன். உண்மையைச் சொல்லணும்னா, படிப்புகூட எனக்குப் பெருசில்லை. ஒரே ஒரு தடவை என்னை அம்மான்னு கூப்பிட்டா போதும்னு இருந்தது. அதுக்கு என்ன வேணும்னாலும் செய்யத் தயாரா இருந்தேன். அதுதான் வினையாச்சு.

3

இங்க ஒரு ஆஸ்பத்திரியில, பின்பக்கக் கட்டடத்துல, வாரத்துல ஒரு நாள் ஒரு சீன டீச்சரம்மா வருவாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். எல்லாரும் சூ டீச்சர்னு கூப்பிடுவாங்க. வெளிநாட்டுல படிச்சவங்க. சின்ன வயசுல ஆயர் தாவார்ல தோட்டத்துப் பக்கம் அவங்க அப்பா மளிகைக்கடை வச்சிருந்தாராம், அதனால கொஞ்சம் தமிழ் வரும். "வா, உக்காரு, சாப்பிட்டியா" வரைக்கும் நம்ம ஆளு மாதிரியே பேசுவாங்க. அதுக்கு மேல மலாய். எனக்கோ மலாய் தகராறு. நாலு பதிவு அட்டை, மூணு கவுண்டர், ரெண்டு கையெழுத்து தாண்டித்தான் அந்த ரூமுக்கே போக முடியும். ஒவ்வொரு இடத்துலயும் என் சிவப்பு அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க. சிவப்புன்னா இன்னும் இந்த நாட்டுக் குடிமகள் ஆகலைன்னு அர்த்தம்.

மருந்து எழுதிக் குடுப்பாங்கன்னு நினைச்சுப் போனா, அந்தம்மா ஒரு பாட்டில் தேனை எடுத்து வச்சாங்க. கோமதியோட மேல் உதட்டுல ஒரு சொட்டு தடவி, "நக்கு"ன்னாங்க. கோமதி கையால துடைச்சு வாயில வச்சுக்கிட்டா. "கை இல்லை. லிடா"ன்னு நாக்கைத் தொட்டுக் காட்டினாங்க. அந்த நாக்கு உதடு வரைக்கும் வரவே மாட்டேங்குது. எனக்கு அப்பதான் விளங்கிச்சு. என் மகளுக்குப் பேச்சு மனசுல இல்லாம இல்லை, வாய்தான் அவ சொன்னபடி கேக்கலை.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை. சாப்பாட்டுக்கு முன்னால விரலால ஈறைத் தேய்ச்சு விடணும். பொரிச்ச மரவள்ளித் துண்டைக் கடைவாய்ப் பக்கம் வச்சு மெல்ல வைக்கணும். கடையில பிளாஸ்டிக் பையில கட்டிக் குடுக்கிற சிரப் தண்ணி இருக்குல்ல, அதை ஸ்ட்ரா வச்சு உறிஞ்ச வைக்கணும். மேசையில பஞ்சு உருண்டையை வச்சு ஊதித் தள்ளணும். பெரிய கோட்டுப் பட்டன் ஒண்ணுல நூல் கட்டி, பட்டனைப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவுல வச்சு, நூலை நான் மெதுவா இழுக்கணும். அவ உதட்டை இறுக்கி அதை விடாம பிடிக்கணும். முதல் நாள் இழுக்கிறதுக்கு முன்னாலயே பட்டன் மடியில விழுந்துச்சு.

எல்லாத்தையும் விட முக்கியம், கண்ணாடி. நானும் அவளும் கண்ணாடி முன்னால பக்கத்துல பக்கத்துல உக்காரணும். நான் நாக்கை நீட்டினா அவ நீட்டணும். நான் உதட்டைக் குவிச்சா அவ குவிக்கணும். "அம்மா என்ன செய்றாங்களோ அதையே செய்யி. இதுதான் பாடம்"னாங்க டீச்சர். என்கிட்ட அவங்க சொன்னது ஒண்ணுதான். "அம்மா, நீ பேசு. நெறைய பேசு. சமைக்கும்போது பேசு, துணி துவைக்கும்போது பேசு. உன் பாஷையிலயே பேசு. நான் வாரத்துக்கு ஒரு மணி நேரம். மத்த நேரம் நீதான் டீச்சர்."

இதுக்கெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமா? நாள் பூரா பேசினேன். வெங்காயம் உரிக்கிறதைப் பேசினேன், கறி கொதிக்கிறதைப் பேசினேன். இந்த நாட்டுல நான் ஒழுங்காக் கத்துக்கிட்ட முதல் மலாய் வார்த்தைகள் எல்லாம் வாய், நாக்கு, உதடு, ஊது இதுங்கதான். மீன் கடையில இன்னைக்கும் விலை கேக்கத் தடுமாறுவேன், ஆனா நாக்கை மேல தூக்குன்னு தடங்கல் இல்லாம சொல்லுவேன்.

4

ஒன்றரை வருஷம். விஜயா, நல்லா கவனி, ஒன்றரை வருஷம். எச்சில் வடியறது நின்னதுக்கே எட்டு மாசம் ஆச்சு. ஒரு நாள் பட்டன் விழலை. நான் இழுக்கிறேன், அவ விடலை. கண்ணை உருட்டிக்கிட்டு, மூக்கு விடைச்சு, விடவே மாட்டேங்கிறா. நான் சிரிச்ச சிரிப்புல அடுப்புல இருந்த பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு.

அடுத்த மாசம் கண்ணாடி முன்னால நான் உதட்டை ஒட்டி "ம்ம்ம்" வச்சுட்டு "மா"ன்னு திறந்தேன். அவளும் ஒட்டினா. "ம்ம்ம்". ரொம்ப நேரம் அப்படியே இருந்தா. அப்புறம் திறந்தா. "மா."

என்னைக் கூப்பிடலை. கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னா. ஆனா சத்தம் வந்துருச்சு. டீச்சர்கிட்ட போய் சொன்னப்போ அவங்க மேசையைத் தட்டி, "பார்த்தியா, பார்த்தியா"ன்னு குதிச்சாங்க. இனிமேல் விடாம செஞ்சா ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள அஞ்சாறு வார்த்தை வந்துரும்னாங்க. அவங்களுக்கு ரெண்டு மாச லீவு வந்தது. "திரும்பி வரும்போது எனக்கு 'மாமா', 'பாப்பா' ரெண்டும் வேணும்"னு சொல்லிட்டுப் போனாங்க.

5

வீட்டுக்காரரோட அக்கா பாக்கியம், பீடோர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுறவங்க. அந்தத் தோட்டத்துலதான் இவரும் பொறந்தார். ரப்பர் மரத்துல பாதியை வெட்டி எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டுட்டாங்க, மீதி மரத்துக்கு இன்னும் ஆள் வேணும்னு அக்கா அங்கேயே தோட்டத்தாளுங்க குடியிருக்கிற லயத்துல இருந்தாங்க. அந்த வருஷக் கடைசியில நாங்க அங்க போயிருந்தோம். கோமதி அவங்க முன்னால "மா"ன்னு ஒரு தடவை சொல்லிக் காட்டினா. அக்கா அவளைத் தூக்கிச் சுத்தி, அவ காலைக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதாங்க.

அவங்க மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்குப் பிரசவம் பார்க்க லீவு எடுத்து வந்து பதினாறு நாள் என் துணியை அலசினவங்க. அவங்கதான் சொன்னாங்க.

"சரோஜா, முருகன் கண்ணைத் தொறந்துட்டார்லா. இப்ப விட்டுறாதே. பேச்சுக்குப் பேச்சுதான் குடுக்கணும். ஒரு மண்டலம் வாயைக் கட்டு. நீ உன் பேச்சைக் குடு, அவர் புள்ளைக்கு முழுசாத் திருப்பிக் குடுப்பார். தைப்பூசத்தன்னைக்குக் குகைக் கோயில்ல அவுத்துரலாம்."

"டீச்சர் என்னைப் பேசிக்கிட்டே இருக்கச் சொன்னாங்களே அக்கா."

"டீச்சர் ஒன்றரை வருஷமா குடுத்தது ஒரு எழுத்து. அவர் நெனைச்சா ஒரு நாள்ல குடுப்பார்."

வீட்டுக்காரர் குறுக்க பேசினார். "அந்தம்மா சொல்றபடியே போலாம்லா சரோ. இப்பதானே புள்ள தொடங்கியிருக்கு." நான் கேக்கலை. "உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க பஸ்ஸைப் பாருங்க"ன்னு வாயை அடைச்சேன். டீச்சர் லீவுல இருக்காங்க, திரும்பி வர்றதுக்குள்ள விரதம் முடிஞ்சிரும், யாருக்குத் தெரியப் போகுதுன்னு கணக்குப் போட்டேன். நான் வாயாடின்னு எனக்கே தெரியும். இந்த வாயை அடக்குறதுதான் என்னால குடுக்க முடிஞ்ச பெரிய காணிக்கைன்னு நம்பினேன். பேராசைதான், வேற என்ன? ஒரு எழுத்து வந்ததும் மொத்தப் பாஷையும் வேணும்னு ஆசை.

6

விடிகாலை குளிச்சு, விளக்கேத்தி, மஞ்சத்துணியை வாயைச் சுத்திக் கட்டிப் பின்னால முடிச்சுப் போடணும். சாப்பிடும்போது மட்டும் அவுக்கலாம். பொழுது சாய்ஞ்சு விளக்கு வச்சதும் துணியை எடுத்துரலாம், ஆனா ராத்திரியும் பேச்சு கிடையாது. நாற்பத்தெட்டு நாள்.

முதல் நாள் கோமதி என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. துணியை இழுத்துப் பார்த்தா. நான் வேண்டாம்னு தலையை ஆட்டினேன். நாலாம் நாள் அவளே போய்க் கண்ணாடியைக் கொண்டு வந்து சுவத்துல சாத்தி வச்சு, அவ இடத்துல உக்காந்து, என் இடத்தைத் தட்டிக் காட்டினா. நான் போய் உக்காந்தேன். கண்ணாடியில என் கண்ணு மட்டும்தான் தெரியுது. ரொம்ப நேரம் காத்திருந்தா. அப்புறம் எழுந்து போயிட்டா.

சோறு திங்க வரச்சொல்ல தொடையைத் தட்டுவேன். குளிக்கன்னா தலையில தண்ணி ஊத்துற மாதிரி. கடைக்குன்னா ரெண்டு விரலால நடக்கிற மாதிரி. பத்து நாள்ல அம்பது சைகை ஆச்சு. அவளும் புதுசு புதுசா உண்டாக்கினா. கோழிக்கு ஒண்ணு, அப்பாவோட மோட்டார்சைக்கிளுக்கு ஒண்ணு, எதிர்வீட்டுக் கிழவர் நடைக்கு ஒண்ணு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், என் வாழ்க்கையில நானும் அவளும் அவ்வளவு சந்தோஷமா இருந்ததே இல்லை. அதுக்கு முன்னால வேணும்ங்கிறதைச் சொல்லத் தெரியாம தரையில உருண்டு அழுவா. அந்த அழுகை நின்னு போச்சு. நான் அதையும் முருகன் கணக்குல எழுதினேன்.

இருபதாம் நாள் காலையில நான் துணி கட்டிக்கிட்டிருக்கேன். அவ கொடியிலிருந்து ஒரு கைத்துண்டை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தா. திரும்பி நின்னு, பின்னந்தலையைக் காட்டினா.

அம்மா செய்றதையே செய்யின்னுதானே ஒன்றரை வருஷமா சொல்லிக் குடுத்தோம்? அவ சரியாத்தான் செஞ்சா. அந்தப் பாடத்தை அவ கத்துக்கிட்ட அளவுக்கு நான் கத்துக்கலை.

அப்ப பாக்கியம் அக்கா எங்க வீட்டுல வந்து தங்கியிருந்தாங்க. பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. "ஐயோ முருகா, புள்ளையே விரதம் கேக்குதே! கட்டு சரோஜா, கட்டு!" பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் ஓடி வந்தாங்க. ஒருத்தங்க சூடம் ஏத்தினாங்க. ஒருத்தங்க அவ நெத்தியில திருநீறு வச்சாங்க. கூட்டத்துக்கு நடுவுல என் மக தலையைச் சாய்ச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு நிக்கிறா. எனக்கு நெஞ்சு நிறைஞ்ச பெருமை. எனக்குப் பெருமையா இருந்ததுன்னு எழுதுறப்போ இப்பக் கை கூசுது, இருந்தாலும் எழுதுறேன்.

நான்தான் கட்டினேன். மஞ்சத்துணியில ஒரு முழம் கிழிச்சு, அவ வாயைச் சுத்தி, நோகாம, பின்னால ரெண்டு முடிச்சு.

சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னாலயே வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கட்டை அவுக்கலை. தெருவே கும்பிடுறதை அவர் ஒருத்தர் எப்படி அவுப்பார்? அன்னையிலிருந்து இருபத்தெட்டு நாள் அம்மாவும் மகளும் வாயைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நடமாடினோம்.

7

தைப்பூசத்தன்னைக்குக் கோயில்ல ரெண்டு பேருக்கும் கட்டை அவுத்தாங்க. நான் முதல்ல "கோமதி"ன்னு கூப்பிட்டேன். நாற்பத்தெட்டு நாளா அடைஞ்சு கிடந்த தொண்டை, கரகரன்னு எனக்கே அந்நியமா இருந்துச்சு. அவ திரும்பித் திரும்பி யாரு கூப்பிட்டதுன்னு தேடினா. நான்தான்னு தெரிஞ்சதும் கிட்ட வந்து, உள்ளங்கையால என் வாயைப் பொத்தினா. "சொல்லு, மா சொல்லு"ன்னு அவ முகத்தைப் பிடிச்சுக் கெஞ்சினேன். உதடு ஒட்டவே இல்லை. பக்கத்துல நின்ன அக்கா, "வரும் வரும், ஒரு வாரத்துல கொட்டும் பாரு"ன்னாங்க. அவங்க குரல்லயும் தெம்பு இல்லை.

டீச்சர் லீவு முடிஞ்சு வந்ததும் போனோம். பட்டனை வச்சு இழுத்தாங்க, மடியில விழுந்துச்சு. மறுபடி வச்சாங்க, மறுபடியும் விழுந்துச்சு. "என்ன ஆச்சு?"ன்னாங்க. "காய்ச்சல். ரொம்ப நாள் காய்ச்சல்"னு மலாய்ல பொய் சொன்னேன். பொய் சொல்ல மட்டும் அந்தப் பாஷை தடுமாறாம வந்தது.

டீச்சர் கண்ணாடி முன்னால உக்காந்து, அவளைப் பக்கத்துல உக்கார வச்சு, வாயைத் திறந்து காட்டினாங்க. கோமதி அவங்களைப் பார்த்தா. மேசையில கிடந்த அவங்க கைக்குட்டையை எடுத்தா. எழுந்து பின்னால போய், டீச்சர் வாயைச் சுத்திக் கட்டப் பார்த்தா. கைக்குட்டை பத்தலை. முடிச்சு போட முடியாம இழுத்து இழுத்துப் பார்த்தா.

டீச்சர் அசையாம இருந்தாங்க. கண்ணாடி வழியா என்னைப் பார்த்தாங்க. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்தது. தெரிஞ்ச மலாய், தெரியாத மலாய், தமிழ் எல்லாத்தையும் கலந்து மொத்தத்தையும் கொட்டினேன். திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டியிருந்தா தேவலை. கைக்குட்டையை மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டு, "நீதான் டீச்சர்னு சொன்னேனே அம்மா"ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் தேன் பாட்டிலை எடுத்து, முதல் நாள் மாதிரியே ஒரு சொட்டு மேல் உதட்டுல வச்சாங்க.

அந்த வருஷக் கடைசியில அவங்களுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துருச்சு. போகும்போது சொன்னாங்க, "உன்னாலதான்னு நான் சொல்ல மாட்டேன். சில புள்ளைங்களுக்கு வந்ததும் போகும். யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது." அது எனக்கு ஆறுதலா சொன்னதா, உண்மையா, இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

ஸ்கூல்ல அந்த வருஷம் சேர்க்கலை. கோலாலம்பூருக்கும் நான் அனுப்பலை. பெரிய வாத்தியார் கால்ல விழாத குறையா மன்றாடி, அடுத்த வருஷம் கடைசி பெஞ்சுல ஒரு இடம் வாங்கினேன். அங்கதான், புள்ளைங்களோட விளையாட்டுல, எட்டு வயசுக்கு மேல வார்த்தை வர ஆரம்பிச்சது. தண்ணி. பஸ். தா. வா. மெதுவா, இழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டைத் தேடித் தேடிச் சொல்லுவா. இப்ப மூணு வார்த்தை சேர்த்துப் பேசுவா. அவங்க அப்பாவை "ப்பா"ம்பா. ரொட்டிக்கடைப் பாய்கிட்ட "ரொட்டி ரெண்டு"ன்னு கேட்டு வாங்குவா. கோழியை வைவா.

என்கிட்ட மட்டும் பேச மாட்டா.

கோவமில்லை, பாசத்துக்குக் குறையில்லை. என்னைப் பார்த்ததும் அவ வாய் தன்னால மூடிக்கும், கை மேல வரும். அந்த நாற்பத்தெட்டு நாள்ல நாங்க ரெண்டு பேரும் உண்டாக்கின பாஷைதான் அவளுக்கு அம்மாவோட பாஷை. மாத்தாம பிடிச்சுக்கிட்டா. நான் பார்க்காத மாதிரி திரும்பி நின்னு பார்த்தேன். முன்னால வந்து நின்னு கை காட்டுவா. ஒரு நாள் புரியாத மாதிரி நடிச்சேன். சாயங்காலம் வரைக்கும் பட்டினி கிடந்து, தொடையைத் தட்டித் தட்டிச் சிவக்க வச்சுக்கிட்டாளே ஒழிய "சோறு"ங்கலை. பக்கத்து வீட்டுல போய் அந்த வார்த்தையைச் சொல்லுவா, எனக்குத் தெரியும். வீட்டுக்காரர்தான், "விடு சரோ, புள்ளையை வதைக்காதே"ன்னு ஒரு தட்டு சோத்தைக் கொண்டு வந்து வச்சார். என்னைக் குறிக்கவும் அவகிட்ட ஒரு சைகை இருக்கு. விரலை உதட்டு மேல குறுக்கா இழுத்து, கழுத்துக்குப் பின்னால முடிச்சுப் போடுற மாதிரி காட்டுவா. அதுதான் அவளுக்கு அம்மா.

விஜயா, துணி மஞ்சளா சிவப்பான்னு கேட்டியே. எந்தத் துணியும் வேண்டாம்டி. உன் பையன் முன்னால உக்காந்து பேசு. அவன் கேட்டாலும் கேக்காட்டியும் வாய் வலிக்கிற வரைக்கும் பேசு. சாமிக்கு வேணும்னா தலைமுடியைக் குடு.

8

இங்க பன்னிரண்டு வயசானா புள்ளைங்களுக்கு அடையாள அட்டை எடுக்கணும். போன மாசம் கோமதியைக் கூட்டிக்கிட்டு அந்த ஆபீசுக்குப் போனேன். பிறப்புப் பத்திரம், ஸ்கூல் கடுதாசி, படம், எங்க ரெண்டு பேர் அட்டை. காலையில எட்டு மணிக்கு நம்பர் வாங்கி, பதினொண்ணரைக்குக் கூப்பிட்டாங்க.

கவுண்டர்ல மலாய்க்காரப் பையன், சின்ன வயசு. என் சிவப்பு அட்டையைப் பார்த்தான், பத்திரத்தைப் பார்த்தான், படபடன்னு ஏதோ கேட்டான். நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது. நான் என்னவோ சொன்னேன், அது அவன் கேட்டதுக்குப் பதில் இல்லை போலிருக்கு. மறுபடி கேட்டான், சத்தமா. பின்னால வரிசை முனகுது. பதினாலு வருஷம் இந்த ஊர்ல சண்டை போட்டுக் காலம் தள்ளினவளுக்கு அந்த நேரம் பார்த்து வாய் அடைச்சுப் போச்சு. விழிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

கோமதி என்னை இடிச்சுக்கிட்டு முன்னால வந்தா. கவுண்டரைப் பிடிச்சுக்கிட்டு எக்கி நின்னா. என்னைத் திரும்பிப் பார்த்தா. விரலை உதட்டு மேல குறுக்கா இழுத்து அவனுக்குக் காட்டினா. அவன் முழிச்சான். அவ உதட்டை ஒட்டினா. ரொம்ப நேரம் ஒட்டி வச்சிருந்தா. அப்புறம் மலாய்ல, ஒவ்வொரு வார்த்தையா, சொன்னா.

"மா... பேச... முடியாது."

அந்தப் பையன் முகம் மாறிப் போச்சு. நான் ஊமைன்னு நினைச்சுட்டான். "ஓ"ன்னான். நாற்காலியை முன்னால இழுத்துக்கிட்டு, அவகிட்ட மெதுவா, ஒவ்வொண்ணாக் கேட்டான். பேரு என்ன? "கோ-ம-தி." வீடு எங்க? "புந்-தோங்." ஸ்கூல்? சொன்னா. அப்பா பேரு? சொன்னா. ஒரு வார்த்தை அவனுக்கு விளங்கலை, இன்னொரு தடவை கேட்டான். அவ கண்ணை மூடி, நாக்கைச் சரியான இடத்துல வச்சு, மறுபடி சொன்னா. விளங்கிச்சு.

பன்னிரண்டு வருஷத்துல அவ இத்தனை வார்த்தை சேர்ந்தாப்புல பேசி நான் கேட்டதே இல்லை. விரதத்துக்கு அப்புறம் என் முன்னால பேசினதும் அன்னைக்குத்தான். அதுவும் எனக்காக, என்னால முடியாதுன்னு நம்பி. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துருச்சு. "ஐயா, நான் ஊமை இல்லை"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், மலாய்ல அது எனக்குத் தெரியும். சொன்னா அவ நிறுத்திருவா. அதுவும் தெரியும்.

நான் வாயைத் திறக்கலை. கடைசிக் கேள்வி முடியிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஊமையாவே நின்னேன். கையெழுத்துப் போடச் சொல்லிப் பையன் எனக்கு ஜாடை காட்டினான், போட்டேன்.

வெளிய வந்ததும் படிக்கட்டுல அவளை நிறுத்தினேன். என்னைப் பார்த்தா. அவ கை மேல வந்தது. தாகமா இருக்குன்னு காட்டினா. நானும் கையாலயே, வா வாங்கித் தர்றேன்னு சொன்னேன்.